எட்டு மீன் வாங்கினால் எத்தனை மிஞ்சும்?

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இந்தக் கணக்கு வந்துவிடும். பச்சையும் நீலமும் கலந்து மின்னும் குரோமிஸ் மீன் எட்டு வாங்கியிருப்பார். முதல் வாரம் எட்டும் ஒன்றாகவே திரும்பும், ஒன்றாகவே பதுங்கும். வீட்டுக்கு வந்தவர்கள் தொட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்துப் போயிருப்பார்கள். ஒரு மாதத்தில் அது ஆறாகும். மூன்றாம் மாதம் மூன்று. வருடம் முடியும்போது ஒன்று மட்டும் மிஞ்சும். அந்த ஒன்றோ நன்றாகக் கொழுத்து, தொட்டி மொத்தமும் தன் பட்டாவில் இருப்பதாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரைச் சோதித்தால் குறை தெரியாது. பவளங்கள் மலர்ந்திருக்கும். மற்ற மீன்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியானால் அந்த ஏழு மீன்கள் எங்கே போயின?

பவளத் தொட்டி வைக்கும் எல்லாருக்கும் கூட்டமாக நீந்தும் மீன்கள்மேல் ஓர் ஆசை உண்டு. நன்னீர்த் தொட்டியில் நியான் டெட்ரா ஐம்பது அறுபதை விட்டு, செடிகளுக்கு நடுவே அவை ஒரே கோடாகப் போவதை ரசித்துப் பழகியவர்கள், கடலின் ஆரஞ்சிலும் ஊதாவிலும் அதே காட்சியைக் கேட்கிறார்கள். கடைகளில் அதற்கான மீன்களும் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், கூட்டத்தை நாம் அலங்காரமாகப் பார்க்கிறோம். மீனுக்கு அது ஒரு குடும்ப ஏற்பாடு. யார் பெரியவர், யார் முதலில் உண்பது, ஆபத்து வந்தால் யார் எந்தப் பொந்துக்குள் போவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. சில இனங்களில் யார் ஆண், யார் பெண் என்பதுகூட அங்கேதான் முடிவாகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் மேலே சொன்ன கணக்கில்தான் போய் முடியும்.

பயம் போனால் கூட்டமும் போகும்

மீன்கள் ஏன் கூடுகின்றன? ஒற்றுமையே பலம் என்று பள்ளிப் பாடம் சொல்லும். 1971-ல் பிரிட்டிஷ் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் எழுதிய கட்டுரை இதற்குச் சற்றுக் கசப்பான விடை தந்தது. வட்டமான ஒரு குளம், கரையெல்லாம் தவளைகள், குறித்த நேரத்தில் தண்ணீரிலிருந்து தலைநீட்டும் ஒரு பாம்பு என்று அவர் கற்பனை செய்துகொண்டார். பாம்பு பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு தவளையும் இரண்டு தவளைகளுக்கு நடுவே புகுந்துகொள்ளப் பார்க்கும். எல்லாத் தவளைகளும் அப்படியே செய்வதால் கரையில் ஒரு குவியல் உருவாகிவிடும். தனக்கும் எதிரிக்கும் நடுவே இன்னோர் உடல் இருக்கட்டும் என்ற சுயநலம்தான் கூட்டத்தை ஒட்டவைக்கும் பசை.

மீனுக்கு இதைச் செய்ய நல்ல கருவிகள் இருக்கின்றன. கண் ஒன்று. உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்வுக்கோடு இன்னொன்று. பக்கத்து மீன் வாலை அசைத்தால் தண்ணீரில் எழும் அதிர்வை அந்தக் கோடு பிடித்துவிடும். கூட்டம் ஒரே நொடியில் திரும்பும் வித்தை இப்படித்தான் நடக்கிறது.

இப்போது இந்த மீன்களை நான்கடித் தொட்டிக்குள் கொண்டுவாருங்கள். முதல் சில நாட்கள் எல்லாமே புதிது, எல்லாமே ஆபத்து. அதனால் நெருக்கமாகச் சேர்ந்து நீந்தும். கடைத் தொட்டியில் நாம் பார்த்து மயங்குவதும் இந்தப் பயத்தைத்தான். இங்கே பாம்பு இல்லை, பாரை மீன் இல்லை என்று தெரிந்த பிறகு சேர்ந்திருக்க வேண்டிய காரணம் போய்விடுகிறது. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்கின்றன. கூட்டம் கலையாமல் இருக்கப் பெரிய மீன் ஒன்றை உள்ளே விடச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பிரம்பைக் காட்டி வகுப்பை அமைதியாக்கும் வாத்தியார் வேலை அது. பலன் கிடைக்கும், மீன் நிம்மதியாக இருக்காது.

கடைசி இடத்தின் சாபம்

குரோமிஸுக்கு வருவோம். 2004 மே மாதத்திலிருந்து ஓராண்டில் அமெரிக்காவுக்குள் இறக்குமதியான கடல் அலங்கார மீன்களின் கப்பல் ரசீதுகளை ஆய்வாளர்கள் எடுத்து எண்ணினார்கள். மொத்தம் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல், 1,802 இனங்கள். அதில் எண்ணிக்கையில் முதலிடம் இந்த நீலப்பச்சைக் குரோமிஸுக்கு. விலை குறைவு, அழகு அதிகம், எதையும் தின்னும். புதியவர்களுக்கு ஏற்ற மீன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

கடலில் இது மான்கொம்புபோல் கிளைவிட்ட பவளத்தின் மேல் வாழ்கிறது. பகலில் கொஞ்சம் மேலே ஏறி நின்று நீரோட்டத்தில் வரும் நுண்ணிய மிதவை உயிர்களைக் கொத்தும். நிழல் விழுந்தால் எல்லாம் ஒரே நொடியில் கிளைகளுக்குள் புகுந்துவிடும். அந்தக் கூட்டத்துக்குள் அளவுப்படி ஒரு படிவரிசை உண்டு. பெரியது அடுத்ததை விரட்டும், அது அதற்கு அடுத்ததை. கடலில் கடைசிப் படியில் உள்ள மீனுக்குத் தப்பிக்க இடம் இருக்கிறது. அடுத்த பவளத்துக்குப் போகலாம், கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொள்ளலாம். தொட்டியில் அடுத்த பவளமும் இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. கடைசி மீனின் துடுப்பு கிழியும். சாப்பாட்டு நேரத்தில் முன்னால் வரப் பயப்படும். மூலையில் மேல்மட்டத்தில் நின்று நின்று ஒருநாள் செத்துப்போகும். அது போனதும் கடைசிக்கு முந்தைய மீன் கடைசி மீனாகிறது. எட்டு ஏழாகி, ஆறாகி இறங்கிக்கொண்டே போவது இதனால்தான்.

இதோடு யூரோனீமா என்ற ஒட்டுண்ணியும் சேரும். நெரிசலாகப் பையில் அடைபட்டு, பல கைகள் மாறி, பட்டினியோடு வந்து சேரும் குரோமிஸின் பக்கவாட்டில் சிவந்த புண்ணாக அது தெரியவரும். புண் கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சடலம் ஏன் கிடைப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். பவளத் தொட்டியில் நண்டு, இறால், முள்புழு எல்லாம் இருக்கின்றன. இரவோடு இரவாக அவை வேலையை முடித்துவிடும்.

ஆந்தியாஸ்: நாள் முழுக்கப் பசி

கூட்டமீன்களில் ராஜா என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஆந்தியாஸைத்தான் சொல்வேன். செங்கடலில் முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் தலையைக் குனிந்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். பவளப் பார் செங்குத்தாக இறங்கும் விளிம்பில், ஆரஞ்சு நிறத்தில், நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். லைர்டெயில் ஆந்தியாஸ் என்று கடையில் விற்கும் சூடாந்தியாஸ் ஸ்குவாமிபின்னிஸ் செங்கடலிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஜப்பான், பிஜி வரை பரவியிருக்கிறது. மாலத்தீவும் இலங்கையும் அந்த எல்லைக்குள்தான். பெண் மீன் ஆரஞ்சு நிறம். ஆண் சற்றுப் பெரியது, ஊதா கலந்த சிவப்பு. அதன் முதுகுத் துடுப்பில் ஒரு முள் மட்டும் நூலாக நீண்டிருக்கும்.

எல்லாம் நீரோட்டம் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். ஆழ்கடலிலிருந்து பாரை நோக்கி வரும் தண்ணீரில் நுண்ணிய இறால் வகைகள், முட்டைகள், லார்வாக்கள் வந்துகொண்டே இருக்கும். ஆந்தியாஸ் அவற்றைக் கொத்திக்கொண்டே இருக்கும். கிரேட் பேரியர் ரீஃபில் ஆய்வு செய்த வில்லியம் ஹாம்னரும் உடனிருந்தவர்களும் 1988-ல் இந்தக் கூட்டத்துக்கு வாய்களின் சுவர் என்று பெயர் வைத்தார்கள். கடலின் சத்தை மடக்கிப் பிடித்து, கழிவாகப் பவளத்துக்கு இறக்கிக் கொடுக்கும் சுவர் அது. பவளத்துக்கும் சிறு மீனுக்கும் இருக்கும் கொடுக்கல் வாங்கல் இரவிலும் நிற்பதில்லை. செங்கடலின் ஒருவகை டாம்சல் மீன் பவளக் கிளைகளுக்குள் தூங்கும்போதும் துடுப்பை வேகமாக அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இரவில் ஆக்ஸிஜன் குறையும் பவளத்தின் உள்பகுதிக்குப் புதுத் தண்ணீர் போய்ச் சேர்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2004-ல் இதை அளந்து காட்டினார்கள்.

இந்தக் கூட்டத்தின் குடும்பக் கதை இன்னும் சுவாரசியமானது. எல்லா ஆந்தியாஸும் முதலில் பெண்ணாகவே வளர்கின்றன. ஓர் ஆண், அதைச் சுற்றிப் பல பெண்கள் என்பது ஏற்பாடு. அந்த ஆண் செத்தாலோ பிடிபட்டாலோ, பெண்களில் படியில் மேலே நிற்கும் ஒன்று ஆணாக மாறத் தொடங்குகிறது. முதலில் நடத்தை மாறும், பிறகு நிறம் மாறும், சில வாரங்களில் உடலுக்குள்ளும் மாற்றம் முடிந்துவிடும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லெவ் ஃபிஷெல்சன் 1970-ல் நேச்சர் இதழில் இதை எழுதினார். பத்தாண்டு கழித்து டக்ளஸ் ஷபீரோ என்ற ஆய்வாளர் இன்னொரு படி போனார். ஒரு பெரிய கூட்டத்திலிருந்து பல ஆண்களை ஒரே நேரத்தில் எடுத்தபோது, எத்தனை ஆண்கள் போயினவோ அத்தனை பெண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆணாகின. ஒன்று குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கணக்குப் பிள்ளை இல்லாமலே கணக்கு நேரானது.

தொட்டிக்காரருக்கு இதில் காசு மிச்சமாகும் பாடம் ஒன்று இருக்கிறது. ஆண் மீன் விலை அதிகம். அதை வாங்கவே வேண்டாம். அளவில் சற்று ஏற்றத்தாழ்வுள்ள பெண் மீன்கள் ஐந்தாறு வாங்கினால், அவற்றில் ஒன்று தானே ஆணாகிவிடும். வாழ்கிற ஆண் இறந்தாலும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு ஆண்களைச் சிறிய தொட்டியில் விடுவதுதான் தவறு. ஒன்று மற்றதை விரட்டியே கொன்றுவிடும்.

பெரிய கஷ்டம் சாப்பாட்டில் இருக்கிறது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றே பழகிய மீன் இது. காலையில் அலுவலகம் போகும் அவசரத்தில் ஒரு சிட்டிகை, ராத்திரி வந்து ஒரு சிட்டிகை என்றால் தாங்காது. ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று வேளை, முடிந்தால் ஐந்தாறு தடவை சிறு அளவில் போட வேண்டும். உறைய வைத்த மைசிஸ் இறால், சத்தேற்றிய ஆர்ட்டீமியா, கோபிபாட் என்ற நுண்ணிய உயிர் எல்லாம் பிடிக்கும். ஆர்ட்டீமியா நமக்கு அந்நியமான உயிர் அல்ல, தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளிலேயே இருக்கிறது. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒட்டிப்போய், வயிறு உள்வாங்கிய ஆந்தியாஸைப் பார்த்தால் அது பல வாரமாக அரைப்பட்டினியில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலைக்கு வந்த மீனை மீட்பது கடினம்.

ஆந்தியாஸ் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. லைர்டெயிலும் பார்ட்லெட் ஆந்தியாஸும் ஓரளவு முரடு, பழகினால் உலர்தீவனமும் தின்னும். ஊதா நிறத்தில் கண்ணைப் பறிக்கும் டூக்கா வகை அப்படி இல்லை. தொட்டியில் வாய் திறக்காமலே பட்டினி கிடந்து சாகும் மீன்கள் அதில் அதிகம். அதைப் புதியவர்களுக்கு விற்பவரை நான் நல்ல வியாபாரி என்று சொல்ல மாட்டேன்.

கொட்டிக் கொடு, கழுவி எடு

அதிகம் தீவனம் போடச் சொன்னேன். பவளம் வளர்ப்பவரோ தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். இரண்டும் சரிதான். பவளத் தொட்டியில் கூட்டமீன் வளர்ப்பதன் மொத்தச் சவாலும் இந்த இடத்தில் இருக்கிறது.

போட்ட தீவனம் மீனின் கழிவாகி அம்மோனியாவாகிறது. பாறையிலும் மணலிலும் குடியேறிய பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது என்பது பழைய விதி, இன்றைக்கும் பலர் மீறும் விதி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் பாசி படர்ந்து பவளத்தை மூடும். கடலில் வாய்களின் சுவருக்குப் பின்னால் ஒரு முழுக் கடலே கழுவிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அந்த வேலையை இயந்திரம்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் பவளம் வளர்க்கும் வழியைத் திறந்தவர்களில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் முக்கியமானவர். உயிரினங்கள் குடியேறிய ‘உயிருள்ள பாறை’, இயற்கைக் கடல்நீர், காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டும் வைத்து அவர் பவளங்களை வாழவைத்தார். 1961-ல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் அதை எழுதினார். பிறகு ஜெர்மானியர்கள் அதே பாறையோடு ஸ்கிம்மரையும் வலுவான விளக்கையும் சேர்த்தார்கள். பெர்லின் முறை என்று அதற்குப் பெயர் வந்தது. ஸ்கிம்மர் செய்வது எளிய வேலை. தண்ணீருக்குள் நுண்குமிழிகளை ஏற்றினால் கழிவுப் புரதம் குமிழியில் ஒட்டி நுரையாக மேலே வரும், அதை எடுத்துக் கொட்டிவிடலாம். கடற்கரையில் அலை அடித்து ஒதுக்கும் நுரையும் இதே வகைதான். தொட்டிக்குக் கீழே சம்ப் எனும் துணைத் தொட்டி வைத்து, அதில் ஒரு பகுதியில் கீட்டோ எனும் பச்சைப் பாசியை வளர்த்து, இரவில் அதற்கு விளக்குப் போடுவது இன்னொரு வழி. பாசி நைட்ரேட்டைத் தின்னும், அதற்குள் கோபிபாட் பெருகும், அது மேலே வந்து மீனுக்குத் தீனியாகும். கூட்டமீன் வளர்க்க நினைப்பவருக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது பெரிய ஸ்கிம்மர். மீன் பிறகு.

நம்மூர் வீட்டில்

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியில் ஏறத்தாழ 450 லிட்டர் தண்ணீர் கொள்ளும். பாறை, மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டிவிடும். மாடி வீட்டுக்காரர்கள் தரையைப் பற்றி இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்தாலும் முதல் நிரப்பலுக்கே 16 கிலோ. சமையல் உப்பு ஆகாது. இதற்கென்று கலந்த கடல் உப்பு வேண்டும். வாரத்துக்குப் பத்து சதவீதம் மாற்றினால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். தண்ணீர் ஆர்.ஓ. எடுத்ததாக இருக்க வேண்டும். கடல்நீரையே கேனில் வாங்கி ஊற்றுபவர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரக் கடலில் உப்பின் அளவு இறங்கிவிடும், சாக்கடையும் கலக்கும். அந்த மாதங்களில் அதைத் தொடாமல் இருப்பது உத்தமம். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. உப்புநீரையே ஊற்றி ஊற்றித் தொட்டியை உப்பளமாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

பவளத்துக்கும் இந்த மீன்களுக்கும் 24 முதல் 27 டிகிரி வெப்பம் போதும். சித்திரை மாதச் சென்னையில் மூடிய அறை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. வறண்ட ஊர்களில் தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. சில்லர் வேண்டும், இல்லையென்றால் அறைக்கே ஏ.சி. வேண்டும். இரண்டுக்கும் கரன்ட் பில் வரும். விளக்கு, பம்ப், ஸ்கிம்மர், சில்லர் என்று ஒரு முழுத் தொட்டிக்கான செலவு லட்சங்களில்தான் பேசப்படுகிறது. மாதச் செலவு தனி.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கரன்ட் போவதற்கு. சூடான உப்புநீர் ஆக்ஸிஜனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். கூட்டமாக மீன் இருக்கும் தொட்டியில் பம்ப் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பல ஆயிரம் ரூபாய் மீன்களைக் காப்பாற்ற அது போதும்.

இன்னும் இரண்டு விஷயம். ஆந்தியாஸ் குதிக்கும், ஆகவே தொட்டிமேல் வலை மூடி கட்டாயம். புது மீனை நேராகப் பவளத் தொட்டியில் விடக்கூடாது. தனித் தொட்டியில் நான்கு வாரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் அதே செம்பு பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். நோய் உள்ளே போய்விட்டால் பிறகு மருந்து போட வழியில்லை.

இந்த மீன்கள் எங்கிருந்து வருகின்றன

கடல் அலங்கார மீன் ஏற்றுமதி தொடங்கியது நம் பக்கத்தில்தான். 1930-களில் இலங்கையிலிருந்து மிகச் சிறிய அளவில் ஆரம்பித்தது. 2003-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டுக்கு 2 கோடி முதல் 2 கோடியே 40 லட்சம் கடல் மீன்கள் உலகச் சந்தையில் கைமாறின. பாதிக்குப் பாதி டாம்சல் குடும்பம். நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை, சென்னைக் கொளத்தூரின் மீன் வியாபாரம் அதற்குச் சாட்சி. கடல் மீன்களில் நிலைமை தலைகீழ். பெரும்பாலானவை இன்னும் பாரிலிருந்து பிடித்துவரப்படுபவைதான்.

பிடிக்கும் விதமும் அழகானது இல்லை. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய சயனைடு பழக்கம் தென்கிழக்கு ஆசியாவில் பரவியது. பவளப் பொந்துக்குள் சயனைடு கரைசலைப் பீய்ச்சினால் மீன் மயங்கி வெளியே வரும். பவளமும் அதில் சாகும். பிடிபட்ட மீன் கடையில் பளபளவென்று இருக்கும், சில வாரம் கழித்துக் காரணம் தெரியாமல் செத்துப்போகும்.

பங்காய் கார்டினல் மீனின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளியில் கறுப்புப் பட்டைகள், அழகான நீண்ட துடுப்புகள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சுற்றியுள்ள சின்ன வட்டாரத்தில் மட்டும் இயற்கையாக வாழும் மீன். 1933-ல் விவரிக்கப்பட்டு, பிறகு அறிவுலகம் மறந்துபோன அதை 1994-ல் ஜெரால்ட் ஆலனும் ரோஜர் ஸ்டீனும் மறுபடி கண்டெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பிடித்து விற்கத் தொடங்கினார்கள். 2007-ல் இது அழியும் நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் ஏறியது. தந்தை மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாத்து, குஞ்சு பொரிந்த பிறகும் சில நாட்கள் வாயிலேயே வைத்திருக்கும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு தொலைதூரம் போவதில்லை. ஆகவே ஓரிடத்தில் துடைத்து எடுத்துவிட்டால் அங்கே திரும்ப வருவதற்கு வேறு கூட்டம் கிடையாது. இதே குணத்தால் தொட்டியில் இதை இனப்பெருக்கம் செய்வதும் சுலபம். பண்ணைக் குஞ்சு கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்க ஒரு நியாயமும் இல்லை.

பவளத்தைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டம் தெளிவு. கடினப் பவளங்கள், கறுப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டுப் பவளப் பாறை எடுத்தாலும் குற்றம். 1986-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அங்கே 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வெளிநாட்டுப் பவளம் என்று சொல்லி விற்பதற்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உண்டு. 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். காகிதம் காட்டாத கடையில் பவளம் வாங்காதீர்கள். பாறைக்குச் செயற்கைப் பீங்கான் பாறை கிடைக்கிறது. சில மாதத்தில் பாசி படிந்து இயற்கைப் பாறையாகவே தெரியும்.

பண்ணையில் பிறந்தவை

நம்பிக்கை தரும் பகுதி இதுதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்கள் பல ஆண்டுகளாகக் கோமாளி மீன்களையும் டாம்சல் வகைகளையும் பொரித்து வளர்க்கும் முறைகளைச் செய்து காட்டியிருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்திருக்கிறது. கோமாளி மீன் பாறையில் முட்டையை ஒட்டிவைத்துக் காவல் காக்கும், அதன் குஞ்சு ஓரளவு பெரியது, ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். ஆந்தியாஸின் முட்டை தண்ணீரில் மிதந்து போகும். பொரியும் லார்வாவின் வாய் மிகச் சிறியது, கோபிபாட்டின் குஞ்சு போன்ற நுண்ணிய இரைதான் அதற்குள் நுழையும். அதனால்தான் ஆந்தியாஸைப் பண்ணையில் வளர்ப்பது உலகெங்கும் எட்டாக்கனியாக இருந்தது. விழிஞ்ஞம் மையத்தினர் மார்சியா ஆந்தியாஸ் என்ற இந்தியப் பெருங்கடல் வகையைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியது அந்த வகையில் பெரிய சாதனை. ஹவாயில் மஞ்சள் டாங் மீனை 2015-ல் முதன்முதலாகப் பொரித்து வளர்த்தவர்களுக்கும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆராய்ச்சி மையத்திலிருந்து கடைத் தொட்டி வரை இந்தக் குஞ்சுகள் வந்துசேரும் பாதை நம் நாட்டில் இன்னும் குறுகல்தான். கேட்பவர்கள் அதிகமானால் அது அகலும்.

அப்படியானால் என்ன வாங்கலாம்? தொட்டி இரண்டடி என்றால் கூட்டமீன் ஆசையை விட்டுவிடுங்கள், பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். நான்கடித் தொட்டி, முதல் அனுபவம் என்றால் பைஜாமா கார்டினல் ஐந்து. மெதுவாக நகரும், சண்டை குறைவு, பயம் போன பிறகும் ஒன்றாகவே நிற்கும் குணம் அதற்கு இருக்கிறது. பண்ணைக் குஞ்சும் கிடைக்கும். பங்காய் கார்டினலை ஐந்தாக வாங்கினால் வளர்ந்ததும் ஒரு ஜோடி சேர்ந்து மற்றவற்றை விரட்டும். ஜோடியாக மட்டும் வாங்குங்கள். குரோமிஸை ஆறடித் தொட்டிக்குக் குறைவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆந்தியாஸ், ஓராண்டாவது தொட்டியை நிலையாக ஓட்டியவருக்கு. பகலில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தானே தீவனம் போடும் கருவி இருக்க வேண்டும்.

எந்த மீனாக இருந்தாலும் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? இங்கே வந்து எத்தனை நாள் ஆகிறது? என்ன சாப்பிடுகிறது? மூன்றாவது கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் கண் முன்னால் தீவனம் போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.